பாட்டு முழுதாக வருகிறது, வார்த்தை மட்டும் தனியாக வரமாட்டேன் என்கிறது (மூன்றாம் வகுப்பு ஆங்கிலம்)

ஒன்றியப்பள்ளி_டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் ஈராசிரியர் தொடக்கப்பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகளுக்கும் நான் ஒருத்திதான், அறையும் ஒன்றுதான். 2022-இல் தொடக்க வகுப்புகளுக்கான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு பாட்டும் ஆட்டமும் ஆங்கில வகுப்பில் அன்றாடம் நடக்கிற காரியமாகிவிட்டது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான், அதற்கு முன்பு ஆங்கிலம் என்றாலே தலையைக் குனிந்துகொள்கிற பிள்ளைகள் இப்போது வாயைத் திறந்து கத்திப் பாடுகிறார்கள்.

காய்கறிப் பெயர்களுக்கு நானே ஒரு சின்னப் பாட்டு கட்டினேன். டொமேட்டோ, பிரிஞ்சால், பொட்டேட்டோ, ஆனியன், கேரட், பீன்ஸ், சில்லி என்று வரிசையாகப் போகும். இரண்டே நாளில் எல்லோருக்கும் மனப்பாடம். அப்புறம் ஒரு நாள் சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு கத்தரிக்காயை எடுத்து வந்து, மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் வாட் இஸ் திஸ் என்று கேட்டேன். அவள் உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை, விரல் பெஞ்சில் தாளம் போடுகிறது. முதல் வரியிலிருந்து மனதுக்குள் பாடிக்கொண்டே வந்து, கத்தரிக்காய் இருக்கிற இடத்துக்கு வந்ததும் பிரிஞ்சால் என்று சொன்னாள். பதில் சரிதான். ஆனால் பீன்ஸைக் காட்டினால் பாட்டில் பாதிக்கு மேல் பாடிவிட்டுத்தான் வருகிறாள். அவள் மட்டுமல்ல, நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் அப்படித்தான் செய்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனித்தேன். பாட்டில் பொட்டேட்டோ அண்ட் ஆனியன் என்று ஓர் இடம் வருகிறது. ஒரு பையன் வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு டானியன் என்கிறான், பக்கத்தில் இருப்பவனும் அதையே சொல்கிறான். அண்ட் என்பதன் வால் ஆனியனோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

பாட்டை விட எனக்கு மனமில்லை. ஆனால் பாட்டிலிருந்து வார்த்தையை எப்படிக் கழற்றி எடுப்பது? ஒரு பாட்டில் எத்தனை புது வார்த்தை வைக்கலாம்? முதலில் பாட்டா, முதலில் வார்த்தையா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், பயிற்சிக் கையேட்டில் இருப்பதை நானும் படித்திருக்கிறேன்.

கரும்பலகை:

டீச்சர், வணக்கம். ஈரோடு பக்கம் நடுநிலைப்பள்ளியில் இருக்கிறேன், நான்கு ஐந்து வகுப்புகள் எடுக்கிறேன். நீங்கள் சொல்கிற உதடு அசைகிற வேலையை என் வகுப்பில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஏழாம் வாய்பாட்டில் ஏழெட்டு எத்தனை என்றால் ஓரேழு ஏழிலிருந்து ஆரம்பிக்கிற பிள்ளையும் இதைத்தான் செய்கிறது. மனதில் இருப்பது வரிசை, அதனால் வரிசையை நாமே கலைத்துப் போட வேண்டும். எப்போதும் ஒரே வரிசையில் பாடுகிற வரை இது போகாது.

நான் செய்வதைச் சொல்கிறேன். பாட்டில் வார்த்தைகளை நிரந்தரமாகக் கட்டிப்போடாமல் இடத்தைக் காலியாக விட்டுப் பாட்டுக் கட்டுவேன். ஒரு மஞ்சப்பை எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் போவேன். வாட்ஸ் இன் தி பேக், வாட்ஸ் இன் தி பேக் என்று பிள்ளைகள் கைதட்டிப் பாட வேண்டும், நான் பையிலிருந்து எது கைக்கு வருகிறதோ அதை எடுத்துத் தூக்கிக் காட்டுவேன், அவர்கள் அதே தாளத்தில் எ கேரட் இஸ் இன் தி பேக் என்று முடிக்க வேண்டும். அடுத்து என்ன வரும் என்று எனக்கே தெரியாது, அதனால் அவர்கள் மனதுக்குள் ஓட்டிப் பார்க்க வழியே இல்லை. மெட்டு மாறாது, வார்த்தை மட்டும் மாறும். ஆனியன் வந்தால் எ போய் ஆன் ஆகும், அதை இப்போது விளக்க வேண்டாம், நீங்கள் பாடுவதைக் கேட்டுத் தானாக வந்துவிடும்.

உங்கள் பழைய பாட்டையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஏழு பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு காயைக் கொடுத்து வரிசையாக நிற்க வையுங்கள். உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் நிற்கிற வரிசையைப் பார்த்துப் பாட வேண்டும். ஒரு முறை பாடி முடித்ததும் இரண்டு பேரை இடம் மாற்றி நிறுத்துங்கள். பழக்க தோஷத்தில் பழைய வரிசையிலேயே பாடுவார்கள், தக்காளி இருந்த இடத்தில் மிளகாய் நிற்கும், வகுப்பே சிரிக்கும், அடுத்த முறையிலிருந்து கண்ணால் பார்த்துப் பாட ஆரம்பிப்பார்கள். யாரை இடம் மாற்றுவது என்பதைப் பிள்ளைகளிடமே விட்டுவிட்டால் இன்னும் நல்லது.

எத்தனை வார்த்தை என்று கேட்டீர்கள். மூன்று வகுப்பு சேர்ந்து உட்கார்கிற அறைக்கு ஏழு அதிகம். புதிதாக நான்கு, ஏற்கெனவே தெரிந்தது இரண்டு, அவ்வளவு போதும் என்பது என் அனுபவம்.

தாளக்கட்டு:

கரும்பலகை சார் சொன்னதோடு எனக்கு முழு உடன்பாடு. நான் பள்ளி ஆசிரியர் இல்லை, மொழியியல் படித்தவன், மிருதங்கமும் கொஞ்சம் வாசிப்பேன், அதனால் இந்தக் கேள்வியை விட மனம் வரவில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பாடினால் நினைவில் நிற்கும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள், ஆனால் எது நிற்கிறது என்று பார்க்க வேண்டும். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் செய்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், ஹங்கேரிய மொழி தெரியாத 60 பெரியவர்களைப் பிரித்து, சிலரை ஹங்கேரியத் தொடர்களைச் சாதாரணமாகச் சொல்லவும், சிலரைத் தாளத்தோடு சொல்லவும், சிலரைப் பாடவும் வைத்தார்கள். வெறும் 15 நிமிடப் பயிற்சிதான். தொடரை அப்படியே திரும்பச் சொல்வதில் பாடியவர்கள் முந்தினார்கள். அவர்கள் பெரியவர்கள், உங்களிடம் இருப்பது எட்டு வயதுப் பிள்ளைகள், அந்த வித்தியாசம் இருக்கட்டும். அப்படியே திரும்பச் சொல்வது என்பதைக் கவனியுங்கள். பாட்டின் பலம் தொடரை முழுசாகப் பிடித்து வைப்பதில் இருக்கிறது, உங்கள் மாணவி செய்வதும் அதைத்தான். பாட்டு தன் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டது, மீதி வேலை வகுப்பில் நடக்க வேண்டும்.

இன்னோர் ஆய்வும் உங்களுக்குப் பயன்படும். 1994-இல் வாண்டா வாலஸ் என்பவர் செய்தது. ஒரே மெட்டில் பல சரணங்களைப் பாடக் கேட்டவர்கள், வெறுமனே சொல்லக் கேட்டவர்களைவிட வார்த்தைகளை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் ஒரே ஒரு சரணம் மட்டும், மெட்டு மனதில் பதிய நேரமே இல்லாமல் கேட்டவர்களுக்குப் பாட்டு உதவவில்லை, பேச்சே மேலாக இருந்தது. மெட்டு பழகிய பிறகுதான் அது வார்த்தையைத் தாங்கும், அதுவரை மெட்டையும் சேர்த்துத்தான் மூளை சுமக்கிறது. அதனால் வாரத்துக்கு ஒரு புதுப் பாட்டு வேண்டாம், வருடத்துக்கு இரண்டு மூன்று மெட்டு வைத்துக்கொண்டு வார்த்தைகளை மட்டும் மாற்றுங்கள். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பழகிய கும்மி மெட்டு இருந்தால் இன்னும் நல்லது, மெட்டைப் புதிதாகக் கற்க வேண்டிய பாடு மிச்சம்.

டானியன் விஷயத்துக்கு வருகிறேன். உலகம் முழுவதும் பாடுகிற ஏபிசிடி பாட்டில் இதே கோளாறு இருக்கிறது. 1835-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் அச்சான பாட்டு அது, மெட்டு அதற்கும் முந்தைய பிரெஞ்சு மெட்டு. மற்ற எழுத்துகளுக்கு ஒரு தட்டுக்கு ஓர் எழுத்து என்று போய்க்கொண்டே வந்து, எல், எம், என், ஓ என்ற நான்கையும் இரண்டு தட்டுக்குள் அடைத்திருக்கிறார்கள். ஆங்கிலம் தாய்மொழியான பிள்ளைகளே எலமெனோ என்று ஓர் எழுத்து இருப்பதாக நினைத்துக்கொள்வதுண்டு. எனவே நீங்கள் கற்றுக்கொடுக்க நினைக்கிற வார்த்தை தாளத்தின் அழுத்தமான தட்டில் விழ வேண்டும், அதற்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும் சத்தம் வரக் கூடாது. அண்ட் இருந்த இடத்தில் ஒரு கைதட்டலை வையுங்கள், பொட்டேட்டோ, தட்டு, ஆனியன். ஆனியன் தனியாக நிற்கும்.

கரோலின் கிரஹாம் என்று ஓர் ஆசிரியை, நியூயார்க்கில் வெளிநாட்டவருக்கு ஆங்கிலம் கற்பித்தவர், 1978 முதல் ஜாஸ் சாண்ட் என்ற பெயரில் தாளப் பயிற்சிகளை வெளியிட்டார். மெட்டே வேண்டாம், பேச்சின் தாளம் போதும் என்பது அவர் வழி. அதில் ஒரு சின்ன உத்தி இருக்கிறது. இரண்டு அசை, மூன்று அசை, ஓர் அசை உள்ள மூன்று வார்த்தைகளை எடுத்து, நான்காவது தட்டில் கையைத் தட்ட வேண்டும். நம் வகுப்புக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்: பென்சில், எரேஸர், புக் (தட்டு). கேரட், பொட்டேட்டோ, பீன்ஸ் (தட்டு). கேட்க எளிதாக இருக்கும், ஆனால் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் கூடுதலாக ஒரு நன்மை கிடைக்கிறது. நாம் மெய்யில் முடிகிற வார்த்தையில் உகரம் சேர்த்து புக்கு, மில்க்கு என்று சொல்லிப் பழகியவர்கள். இந்தத் தாளத்தில் புக்கு என்று சொன்னால் அந்த கு போய்க் கைதட்டல்மேல் மோதும். அப்படிச் சொல்லாதே என்று திருத்த வேண்டிய அவசியமே இல்லை, கை தட்ட வேண்டுமே என்று பிள்ளை தானாக வாயை மூடிக்கொள்ளும். மெதுவாக இழுத்துப் பாடுகிற பாட்டில் இதற்கு நேர்மாறு நடக்கும், இழுக்கிற இடத்திலெல்லாம் உகரம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஒன்றியப்பள்ளி_டீச்சர்:

மிக்க நன்றி சார் இருவருக்கும். அண்ட் போய்க் கைதட்டல் வந்ததும் டானியன் போய்விட்டது, ஒரே பீரியடில் சரியானது எனக்கே ஆச்சரியம். பென்சில் எரேஸர் புக் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூடப் பிடித்திருக்கிறது. வரிசை மாற்றுகிற விளையாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார்கள்.

இன்னும் ஒரு சந்தேகம். பொருளைக் காட்டினால் வார்த்தை வருகிறது. ஆனால் வகுப்பு முடிந்து வெளியே போனால் அந்த வார்த்தையை யாரும் தொடுவதே இல்லை. பாட்டு நேரத்துக்கு மட்டும் உரிய வார்த்தை மாதிரி அது அங்கேயே நின்றுவிடுகிறது. யூடியூபில் வருகிற ரைம்ஸ் போட்டுக் காட்டச் சொல்கிறார் எங்கள் வட்டார வளமைய ஆசிரியர் பயிற்றுநர். அது உதவுமா?

வன்னி_ஆசிரியை:

வணக்கம் அக்கா. இலங்கையில், வன்னிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறேன். எங்களிடம் 1999 கல்விச் சீர்திருத்தத்தோடு தரம் 1, 2 பிள்ளைகளுக்குச் செயற்பாட்டோடு சேர்ந்த வாய்மொழி ஆங்கிலம் வந்தது. புத்தகம் திறந்து ஆங்கிலம் ஒரு பாடமாக ஆரம்பிப்பது தரம் 3-இல்தான். அதுவரை ஆங்கிலம் என்பது வகுப்பில் நடக்கிற வேலைகளோடு சேர்ந்து கதைப்பது மட்டும்தான். கம் ஹியர், கிவ் மீ தி சாக், ஓப்பன் தி டோர், இப்படி.

அதிலிருந்து நான் பிடித்துக்கொண்டது என்னவென்றால், பாட்டில் வருகிற வார்த்தைக்கு அதே நாளில் பாட்டுக்கு வெளியே ஒரு வேலை கொடுக்க வேண்டும். புக் பாடினால், அன்றைக்குக் கொப்பி, புத்தகம் பகிர்ந்து கொடுக்கிற வேலையை ஒரு பிள்ளையிடம் விடுவேன், மற்றப் பிள்ளைகள் புக் ப்ளீஸ் என்று கேட்டால்தான் அவள் கொடுப்பாள். கேட்காவிட்டால் கிடைக்காது. உங்களிடம் மதியச் சாப்பாடு இருக்கிறதுதானே அக்கா, காய்கறி வார்த்தைகளுக்கு அதைவிட நல்ல இடம் ஏது? சாம்பாரில் என்ன கிடக்கிறது என்று தட்டைப் பார்த்துச் சொல்லட்டும். எங்கள் பிள்ளைகள் பசி வந்தால் நல்லாக் கதைப்பார்கள்.

யூடியூப் பற்றி ஒரு சொல். நான் போட்டுப் பார்த்து விட்டுவிட்டேன். வேகம் அதிகம், நடுவில் நிற்பாட்ட முடியாது, நிற்பாட்டினாலும் பிள்ளையின் கண் திரையில்தான் இருக்கும், வார்த்தையில் இருக்காது. அதில் வருகிற பனிமனிதனையும் வைக்கோல் அடுக்கிய பண்ணையையும் எங்கள் பிள்ளை எங்கே பார்த்தது? வெல், கோகனட், கோட், பக்கெட் என்று வீட்டிலிருந்து பாடசாலைக்கு வருகிற வழியில் கண்ணில் படுகிறவற்றைப் பாட்டாகக் கட்டுங்கள். உங்கள் குரல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. ஒரு பிள்ளை தடுமாறினால் நீங்கள் நின்று காத்திருப்பீர்கள், திரை காத்திருக்காது.

முதலில் பாட்டா வார்த்தையா என்று கேட்டிருந்தீர்கள், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் முதலில் பொருளைக் கையில் கொடுத்துவிடுவேன். தொட்டு, மணந்து, எண்ணி, பிறகு அடுத்த நாள்தான் பாட்டு. பொருள் விளங்காமல் பாடிய வார்த்தையைப் பிறகு விளங்கவைப்பது கடினமாக இருக்கிறது, பிள்ளை தனக்குத் தெரியும் என்றே நினைத்துக்கொண்டிருக்கும்.

கரும்பலகை:

இந்த ஒரு இடத்தில் மட்டும் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன் மேடம். கூச்சப்படுகிற பிள்ளைகள் நிறைய இருக்கிற வகுப்பில் முதலில் பாட்டை விட்டுவிடுவேன். கூட்டத்தோடு சேர்ந்து பாடும்போது யார் தப்பாகச் சொன்னார்கள் என்று தெரியாது, அந்தத் தைரியம் முதலில் வேண்டும். ஆனால் நீங்கள் சொல்கிற ஆபத்து உண்மை, அதனால் முதல் நாளில் பாட்டோடு சைகையாவது கூட வர வேண்டும். சாப்பாட்டுத் தட்டு யோசனையை நாளைக்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஓய்வு_தலைமையாசிரியர்:

இளைய நண்பர்களுக்கு வணக்கம். எழுதியதை எல்லாம் படித்தேன், நல்ல விவாதம். பாட்டு வைத்து வார்த்தை கற்பிப்பது ஏதோ வெளிநாட்டிலிருந்து வந்த முறை போலச் சில பயிற்சிகளில் பேசுகிறார்கள், அதைத்தான் என்னால் ஏற்க முடிவதில்லை. நம்மிடம் நிகண்டு இருந்தது, சொற்களுக்குப் பொருள் சொல்லும் செய்யுள் நூல். திவாகரமும் பிங்கலமும் நூற்பாவில் இருந்தன, பின்னால் வந்த மண்டல புருடர் சூடாமணி நிகண்டை விருத்தத்தில் பாடினார், ஓதுவதற்கு எளிது என்பதால் திண்ணைப் பள்ளிகளில் அதுவே நிலைத்தது. அதில் ஒரு சொல்லுக்குப் பல பொருள் கூறும் பதினோராம் தொகுதியை எதுகை வரிசையில் அடுக்கியிருக்கிறார். அகராதி புரட்டுகிற பழக்கம் இல்லாத காலத்தில், ஒலியைப் பிடித்துக்கொண்டே சொல்லைத் தேடி எடுக்கிற ஏற்பாடு அது.

ஓதியதோடு விட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். இடையில் நிறுத்திக் கேட்பார்கள், வாய்பாட்டைக் கீழிருந்து மேலாகச் சொல்லச் சொல்வார்கள். ஒரு பாடம் தலைகீழ்ப் பாடம் ஆகிவிட்டது என்று ஆசிரியர் ஒப்புக்கொண்ட பிறகுதான் அடுத்தது. உங்கள் மாணவி முதல் வரியிலிருந்து பாடி வருவது தப்பே இல்லை அம்மா, அது முதல் படி. அடுத்த படிக்குக் கேள்வி கேட்டுக் கேட்டுத்தான் ஏற்ற வேண்டும். எங்கள் காலத்தில் அதைப் பிரம்போடு செய்தார்கள், அது மட்டும் வேண்டாம், மற்றதெல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேண்டுகோள். பாட்டு எழுத்துக் கற்பிக்காது. பீன்ஸ் என்று பாடத் தெரிந்த பிள்ளைக்கு அந்தச் சொல்லை வாசிக்கத் தெரிந்துவிட்டதாக நினைத்து அடுத்த பாடத்துக்குப் போய்விடாதீர்கள். ஐந்தாம் வகுப்பு முடித்து வருகிற பிள்ளைகளில் பலர் பாடுவார்கள், கரும்பலகையில் எழுதினால் விழிப்பார்கள். பாட்டு பழகிய பிறகு, காய்க்குப் பதிலாக அதன் பெயர் எழுதிய அட்டையைப் பிள்ளைகள் கையில் கொடுத்து அதே வரிசை விளையாட்டை நடத்துங்கள்.

இரண்டாம்_வகுப்பு_அம்மா:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், நான் டீச்சர் இல்லை. என் பையன் வீட்டில் ஆங்கிலப் பாட்டு நிறையப் பாடுகிறான், எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. அவன் சொல்வது சரியா தப்பா என்றே எனக்குத் தெரியாது. நான் வீட்டில் என்ன செய்யலாம்?

கரும்பலகை:

நீங்கள் திருத்த வேண்டியதே இல்லை அம்மா. பாட்டில் வருகிற சாமானைச் சமையலறையில் காட்டி இது உன் பாட்டில் எப்படி வரும், எனக்குச் சொல்லிக்கொடு என்று கேளுங்கள். அம்மாவுக்குச் சொல்லிக்கொடுப்பது என்றால் பிள்ளைகளுக்குத் தனிக் கெத்து. ஒரு நாளைக்கு இரண்டு சாமான் போதும், அதுவும் பாட்டில் வருகிற வரிசையில் கேட்காதீர்கள்.

ஒன்றியப்பள்ளி_டீச்சர்:

தலைமையாசிரியர் ஐயாவுக்கும் தங்கைக்கும் நன்றி. அட்டை யோசனை எனக்கு ரொம்பத் தேவைப்பட்டது, மூன்றாம் வகுப்பில் மொட்டு நிலையிலேயே (எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்றில் நடு நிலை) நிற்கிற பிள்ளைகளுக்கு அதைத்தான் முதலில் செய்யப் போகிறேன். சாப்பாட்டு நேரத்தில் நேற்று ஒருத்தி தட்டைப் பார்த்து நோ கேரட் என்றாள், நானாக அதைக் கேட்கவே இல்லை.

கடைசியாக ஒன்று. பெயர்ச்சொற்களுக்கு வழி கிடைத்துவிட்டது. ஜம்ப், வாக், ஸிட், த்ரோ மாதிரி வினைகளுக்கும் இதே தாளம் போதுமா, தனிப் பாட்டு வேண்டுமா?

தாளக்கட்டு:

வினைச்சொற்களுக்கு முதல் சில நாள் பிள்ளைகளைப் பாடவே வைக்காதீர்கள் டீச்சர். ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960-களில் இதைச் சோதித்துப் பார்த்தவர். கட்டளையைக் கேட்டு உடம்பால் செய்தால் போதும், பேச்சு பின்னால் வரும் என்றார். நீங்கள் தாளத்தில் சொல்லுங்கள், அவர்கள் செய்யட்டும். கால் நன்றாகப் பழகியதும் யாராவது ஒரு பிள்ளை நான் சொல்கிறேன் டீச்சர் என்று முன்னால் வரும், அப்போது உங்கள் இடத்தை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள். மூன்று வகுப்பும் ஒரே அறையில் என்பதால் ஜம்ப்பை மட்டும் வெளியே மரத்தடியில் வைத்துக்கொள்ளுங்கள்.